கிருஷாந்தியின் கைராசி

பொகவந்தலாவைப் பக்கம் கல்யாணம் பேசி முடித்தவர்கள் நேராகக் கிருஷாந்தியின் லயத்து வீட்டுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. அவள் வெட்டிய அழைப்புக் கார்டு போன வீட்டில் கல்யாணம் தடங்கலில்லாமல் நடக்கும், வருஷம் திரும்புவதற்குள் தொட்டில் கட்டுவார்கள் என்று தேயிலைத் தோட்டமே நம்பியது. கைராசிக்காரி என்றார்கள். ராசியாவது மண்ணாவது! அவ்வளவும் பொறுமை. ஆனால் பொறுமையைப் பார்த்து யார் ஓடர் கொடுக்கிறார்கள்?

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது, மேடத்தின் மகள் விளையாடிச் சலித்து வீசப் பார்த்த மெஷின் அது. கைப்பிடியைச் சுற்றினால் தட்டுகள் இரண்டு உருளைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போகும். உள்ளே வெட்டு அச்சை வைத்தால் கார்டு அந்த வடிவத்துக்கு வெட்டுப்படும், பூ அச்சை வைத்தால் பூ எழும்பி நிற்கும். கேட்டு வாங்கிச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். இனிக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுவதில்லை என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

மலைக்கு வந்ததும் மெஷின் முரண்டு பிடித்தது. பனி குடித்த கார்டு வெட்டுப்படாமல் நார் நாராகக் கிழிந்தது. ஆத்திரத்தில் இறுக்கிச் சுற்றியதில் தட்டு வளைந்ததுதான் மிச்சம். கெடுத்துக் கெடுத்துத்தான் வழி கண்டுபிடித்தாள். வெட்டும் கார்டை அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்தாள். சரியாக வெட்டாத மூலைக்கு மட்டும் தட்டுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் செருகினாள். ஒவ்வொரு தடவையும் தட்டைப் புரட்டிப் போட்டாள், வளைவு தானே நிமிர்ந்தது. பூவுக்கோ காய்ந்த கார்டு ஆகாது, இதழ் ஓரத்தில் வெடித்துவிடும். அதற்கு மட்டும் பொழுது சாயும்போது கதவைத் திறந்து வைத்துப் பனியை உள்ளே விட்டாள். லேசாக ஈரம் ஏறிய கார்டில் மல்லிகை இதழ் இதழாக எழும்பி வந்தது. மனுசரை விறைக்க வைக்கிறாள் என்று அம்மா ராசம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

கைப்பிடி சுற்றித் தருவது அடுத்த லயத்து நிலக்ஷி. சின்ன வயதுச் சிநேகிதி. கொழுந்து மலையிலிருந்து வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். வேகமாகச் சுற்றுகிறாள் என்று தினமும் ஏச்சு வாங்குவாள், தினமும் சிரிப்பாள். அவளுக்குக் கல்யாணம் கூடியபோது, கிருஷாந்தி தங்க நிறக் கார்டில் இரட்டை மல்லிகை எழுப்பிக் கொடுத்தாள். நிலக்ஷியின் அம்மா பேச்சியம்மா முதல் கார்டை மாரியம்மன் காலடியில் வைத்துவிட்டு, மற்றதைத் தாம்பாளத்தில் வெற்றிலையோடு அடுக்கினாள்.

ஊருக்குக் கொடுக்க ஆரம்பிக்குமுன்னே, கொழுந்து எடுத்த இடத்தில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். நிலக்ஷி தண்ணீர் ஓடும் கானுக்குள் இடறி விழுந்தாள், குளவிகள் மொய்த்துக் கொட்டின. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சில நாள் கழித்துப் பேச்சியம்மா வந்து வாசலிலேயே நின்றாள்.

"புள்ள, அவ கருமாதிக்கு ஒரு கார்டு வெட்டித் தா. அதே பூவப் போட்டு. கல்யாணக் கார்டுதான் ஒருத்தர் கைக்கும் போகல."

ராசம்மா மகளை அடுப்படிக்கு இழுத்தாள். "கல்யாணக் கார்டு வெட்டுற மெஷின்ல எழவுக் கார்டு வெட்டுனா, அப்புறம் யாரு இந்தப் படியேறுவாங்க? மறுபடி கொழுந்துக்குத்தான் போகணும். அந்தக் குளவி மலைக்குத்தான்."

அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. கிருஷாந்திக்கும் அது தெரியும். இருந்தாலும், நிலக்ஷி சுற்றிய கைப்பிடியை நிலக்ஷிக்குச் சுற்ற மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயந்தரம் கதவைத் திறந்து பனியை உள்ளே விட்டாள். தனியாகவே சுற்றினாள், மெதுவாக, அழுதுகொண்டு. இரட்டை மல்லிகை அதற்கு முன்னால் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக எழும்பியதில்லை.

கருமாதியில் அந்தப் பூவைத் தடவித் தடவி அழாதவர்கள் இல்லை. அப்படி அழுதவர்களே பிறகு அவள் வாசலைத் தாண்டிப் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. கடைத்தெருவில் கண்டால் சுகம் விசாரித்தார்கள், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. ஏற்கெனவே சொல்லி வைத்த ஒரு வீட்டார் வட்ஸ்அப்பிலேயே அழைக்கப்போவதாக ஆள் அனுப்பினார்கள். கிருஷாந்தி காலையில் மற்றவர்களோடு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்றாள், கொழுந்து எடுத்தாள், இலைக்குள் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் பயந்தாள்.

தம்பி லோஜனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, எடுத்து வைத்திருந்த நல்ல கார்டைப் பரணில் காயப்போட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே போட்டாள். அதை லோஜனும் பார்த்தான்.

அடுத்த கிழமை அவன் ஹட்டனிலிருந்து ஒரு பார்சலோடு வந்தான். கல்யாணக் கார்டு. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "பொண்ணு வீட்டுல அப்படித்தான் சொன்னாங்க அக்கா," என்றான்.

ராசம்மா வெற்றிலை பரப்பிக் கார்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கினாள். ஓரமெல்லாம் பிசிறு. பூ தட்டையாகக் கிடந்தது. பிசிறைத் தடவிப் பார்க்கப் பழக்கத்தில் கிருஷாந்தியின் விரல் நீண்டது. அம்மா தாம்பாளத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாத தாயி," என்றாள். அம்மாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கிருஷாந்தி கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். பூ சரியாகப் பதியவில்லை என்று மட்டும் சொன்னாள்.