பார்டர் அக்கா பார்க்கும் இடைவெளி

"கொஞ்சம் கையை இடுப்புல வைங்க."

வீடியோ காலில் யார் வந்தாலும், நலம் விசாரித்த கையோடு பார்டர் அக்கா சொல்வது இதைத்தான். எதிரில் இருப்பவர் ஒன்றும் புரியாமல் இடுப்பில் கை ஊன்றியதும், அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையோடு ஒட்டிக்கொள்வார். அவர் பார்ப்பது ஆளை அல்ல, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உண்டாகிற முக்கோண இடைவெளியை. பின்னணியை மாற்றிக் காட்டும் ஃபில்டர்கள் அந்த இடத்தில்தான் கோட்டை விடும். முதுகுக்குப் பின்னால் கடற்கரையே இருந்தாலும், அந்த முக்கோணத்துக்குள் மட்டும் நிஜ வீட்டின் துணிக்கொடி எட்டிப் பார்க்கும்.

அக்காவுக்கு இது தெரிந்ததில் வியப்பில்லை. அப்படிப்பட்ட ஃபில்டர் செய்கிற கம்பெனியில்தான் அவருக்கு வேலை. ஒரு படத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் 'இதுவரை ஆள், இதற்கப்பால் அறை' என்று ஆளைச் சுற்றி ஒரு கோடு போடும். கோடு தப்பிப் போன இடங்களை மவுஸால் இழுத்துச் சரிசெய்வது அக்காவின் பொறுப்பு. காது வளையத்துக்குள் தெரிகிற சுவர், கலைந்த முடிக்கு ஊடே வருகிற வெளிச்சம் என்று நாள் முழுக்க ஓரம் ஓரமாகவே போகும். அதனால்தான் ஆபீசில் பார்டர் அக்கா என்று பெயர். அவர் திருத்தியதைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்கிறதாம். அக்கா அதையும் முழுதாக நம்பவில்லை. "கத்துக்குதுன்னு சொல்றாங்க. நேத்து ஒரு பொண்ணோட பின்னலை சோபான்னு நெனச்சு வெட்டிப் போட்டிருக்கு. இதுவா கத்துக்கும்?"

சந்தேகம் அவருக்குக் கூடவே பிறந்தது என்று தங்கை சொல்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இழுத்தோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி வருகிறவர். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு நிஜமாக அணைகிறதா என்பது இன்றுவரை அவருக்குத் தீராத விவகாரம். வேலை அந்தக் குணத்துக்கு ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒருமுறை பல் டாக்டரையே வீடியோவில் இடுப்பில் கை வைக்கச் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனிதரும் வைத்தார். அது அசல் கிளினிக்தான், அசல் நாற்காலிதான். அக்கா அசரவில்லை. "கேட்டுப் பார்த்ததுல என்ன குறைஞ்சு போச்சு? பல்லை அவர்கிட்டதானே காட்டப் போறேன்."

தங்கை என்ன சொன்னாலும், இந்தச் சந்தேகத்தைக் கொழுக்க வைத்தவர் அக்காவின் கணவர்தான். கதவு ஜன்னல் பொருத்துகிற தொழில். வெளியூரில் ஒரு கட்டடம், முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். அப்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அக்கா தனியாளாக நின்று அவளைப் படிக்க வைத்தார். வேலை கிடைத்து அவள் வெளியூர் புறப்பட்ட அன்று, பெட்டியைப் பூட்டிக்கொண்டே ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எங்க வேணா போ, யார்கூட வேணா பழகு. அந்த ஆளோட வாசப்படியை மட்டும் மிதிச்சே, அன்னியோட உனக்கு அம்மா இல்ல." சொன்னால் சொன்னபடி செய்கிறவர் என்பது மகளுக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நாளாக மகள் ஃபோனில் வரும்போது பின்னால் ஒரு புத்தக அலமாரி நிற்கிறது.

"ஒரு பக்கம் படிச்சா கொட்டாவி விடுறவ நீ. உனக்கு எதுக்குடி இவ்வளவு புத்தகம்?"

"ஃபில்டர்மா. ரூம் அலங்கோலமா கிடக்கு."

"கிடக்கட்டும். எங்கே, இடுப்புல கை வை."

"நான் என்ன டான்ஸா ஆடப்போறேன்? போம்மா."

எல்லோரும் வைக்கிற கையை இவள் மட்டும் வைக்க மாட்டேன் என்கிறாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "எவனோ ஒருத்தன் கூட இருக்கான்டி," என்று தங்கையிடம் புலம்பினார். "இருந்தா இருந்துட்டுப் போறான், வயசுப் பொண்ணுதானே," என்றாள் தங்கை. "இருக்கட்டும்டி, வேண்டாங்கல. யாருன்னு தெரிய வேணாமா?"

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. மகள் ஆபீஸ் கேன்டீனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். புத்தகங்களுக்கு நடுவிலிருந்து, வெறும் காற்றில், ஒரு கை முளைத்தது. அக்காவின் இயந்திரங்களுக்கு அறையை மறைக்கத்தான் தெரியும், மனிதரை மறைக்கத் தெரியாது. யாருடைய கை குறுக்கே வந்தாலும் ஆள் என்று எண்ணி முன்னால் கொண்டுவந்து காட்டிவிடும். அந்தக் கை ஒரு டீ கிளாஸை மகளுக்கு அருகில் வைத்தது. தோல் தளர்ந்திருந்தது. சுண்டுவிரல் நுனி வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. ஜன்னல் சட்டம் விழுந்து நசுங்கிய விரல் அது. அன்றைக்குக் கட்டுப் போட்டது அக்காதான். சரியாகச் சேராமல் போனதற்கு மாமியாரிடம் திட்டு வாங்கியதும் அக்காதான்.

கை போய்விட்டது, அலமாரி பழையபடி மூடிக்கொண்டது. மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா? ஏன் அசையாம இருக்கே? நெட் போயிடுச்சா?" என்றாள். குரலில் அப்பட்டமான பயம். பெட்டியைப் பூட்டிய அன்று சொன்னதையே அக்கா திரும்பவும் சொல்லிவிடுவாரோ என்று கண்கொட்டாமல் காத்திருந்தாள்.

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அக்காவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த ஆள் இப்போது கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வேறு. ஆனால் எதிரில் இருந்த முகம், தப்பு செய்துவிட்டு அடிக்குக் காத்திருந்த குழந்தை முகம். அதை இழந்துவிட்டு வெறும் வைராக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தலைக்கு மேலே குழல்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அக்கா கட்டைவிரலை நீட்டித் தன் ஃபோனின் கேமராவை அழுத்தி மூடினார்.

"இங்க கரண்ட் போயிடுச்சுடி," என்றார். "நீ பேசு, கேட்டுட்டுதான் இருக்கேன். டீ ஆறுது பாரு, குடிச்சுக்கிட்டே பேசு."

மகள் கிளாஸை எடுத்தாள். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும் மட்டும் அக்கா அந்த விரலை எடுக்கவில்லை.