மகள் ஓட்டிய விமானத்தில் நாயும் நானும்

கொடைக்கானலில் இருபத்தெட்டு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். மலை ஏறப்போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா?" என்றுதான். உபசாரம் ஒன்றுமில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறுகிறவர்கள் டம்டம் பாறை தாண்டுவதற்குள் வண்டியை நாறடித்துவிடுவார்கள். பின்னால் உவ்வே என்று சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஒரு சிலரைத் திட்டியும் இருக்கிறேன்.

எங்கள் நாய் மட்டும் என் வண்டியில் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. மகள் விமானம் ஓட்டப் படிக்கப் போன வருஷம், கூக்கால் ஏரிக்கரையில் ஈரச் சாக்கின்மேல் குட்டியாகக் கிடந்தவளை எடுத்து வந்தேன். மகள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்த நேரம். பெயர் எதுவும் வைக்கவில்லை. "ஏ புள்ள" என்றால் வருவாள். எட்டு வருஷம் ஜீப்பின் முன்சீட் அவளுக்குத்தான். வேறு யாராவது ஓட்டினால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே எடுத்துவிடுவாள். என் மச்சினன் ஒருமுறை பண்ணைக்காடு வரை கூட்டிப்போய் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தான். என் ஓட்டுதலுக்கு நாயே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறது என்று ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன பனிக்காலத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. வாசலிலிருந்து ஜீப் வரை நடக்கவே நின்று நின்று வந்தாள். கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இதயம் பெருத்திருக்கிறது, இந்த உயரமும் குளிரும் ஆகாது, கீழே வைத்து ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் இன்னும் சில வருஷம் இருப்பாள் என்றார். பெங்களூரில் இருக்கும் மகள் அன்றைக்கே போன் செய்தாள்.

"அப்பா, என்கிட்ட விட்டுருங்க. இங்க ஹார்ட்டுக்குன்னே நாய் டாக்டர் இருக்காரு."

"உன் கூட கார்ல ஏறுனா வாந்தி எடுத்தே செத்துப் போவா" என்றேன். எனக்கு அவளை விட மனசில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வாந்தியைச் சொன்னேன்.

மகள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். ஒரு தொழிலதிபரின் சின்ன விமானத்தை அவள்தான் ஓட்டுகிறாள். நாலு பேர் உட்காரலாம். முதலாளியை மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பப் போகிறாள். அப்பாவையும் நாயையும் ஏற்றிக்கொள்ள அவரிடம் கேட்டுவிட்டாள்.

"நான் ஓட்டி அவ வாந்தி எடுக்காம வந்தா என்கூட இருக்கட்டும். எடுத்துட்டா நீங்களே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருங்க. டீலா?"

"டீல்" என்றேன். ஜெயித்துவிட்ட மாதிரியே இருந்தது.

வெள்ளனே கிளம்பி வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு இறங்கினோம். என் மனைவி வாசலில் நாயின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டு, "இவரு சேட்டை ஏதும் பண்ணாமப் பாத்துக்கங்க ஆண்டவரே" என்று என் பங்குக்கும் சேர்த்து முடித்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

சேட்டை பண்ணத்தான் செய்தேன். விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு கடையில் நிறுத்தி, ஜீப் மறைவில் உட்கார்ந்து நாய்க்கு மூன்று இட்லி ஊட்டினேன். தேங்காய்ச் சட்னியும் கொஞ்சம். எந்தச் சுற்றுலாக்காரனையும் நான் செய்ய விடாத காரியம். கடைக்காரர் பார்க்கிறாரே என்று நானும் ஆறு இட்லியும் ஒரு வடையும் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன். ஜீப்பைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு உள்ளே போனோம்.

மகள் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வீட்டுச் சிரிப்பு. அடுத்த நிமிஷமே மாறிவிட்டாள். என்னை எடைமெஷினில் நிற்கச் சொன்னாள், நாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி நிற்கச் சொன்னாள், எழுதிக்கொண்டாள். பின்சீட்டில் நாயைப் பட்டையால் கட்டி, காதுக்கு மெத்தென்று ஒரு மூடி மாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கும் ஹெட்போன். விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நான் காலையில் ஜீப்புக்குச் செய்வதுதான். ஆனால் நான் பாதியை விட்டுவிடுவேன். அவள் எதையும் விடவில்லை.

ஓட ஆரம்பித்ததும் என் வலதுகால் தானாக பிரேக்கைத் தேடி அழுத்தியது. கீழே வெறும் தகடு.

"ஹாரன் எங்க பாப்பா இருக்கு?"

"ஹாரனெல்லாம் கிடையாதுப்பா. கம்முனு உக்காருங்க."

தரை விட்டுப் போனதும் நாய் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பயம்தான். திண்டுக்கல்லை நெருங்கும்போது இடதுபக்கம் எங்கள் மலை தெரிந்தது. நீலமாக, மேலே மேகம் படிந்து கிடந்தது. நான் இத்தனை வருஷம் ஹாரன் அடித்து ஏறி இறங்கிய மலை. பாதை தெரிகிறதா என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த மலைக்கு இனி நான் தனியாகத்தான் திரும்புவேனோ என்று முதல்முறையாகத் தோன்றியது. நாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியதும் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. இப்போது எடுப்பாள், இப்போது எடுப்பாள் என்று இருந்தேன். அவள் ஒரு கொட்டாவி விட்டு, என் தொடையில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத்தான் சாம்பார் தொண்டைக்கு வந்தது. நெற்றியெல்லாம் வேர்த்தது. பல்லைக் கடித்தேன், ஜன்னலைப் பார்த்தேன், ஜெபம் பண்ணினேன். எதுவும் பலிக்கவில்லை.

"முன்னாடி பையில கவர் இருக்கு, எடுத்துக்கங்க" என்று மகளின் குரல் காதில் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை பேரைத் திட்டினேனோ, அத்தனைக்கும் சேர்த்து எடுத்தேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள்.

வயிறு காலியான பிறகு கொஞ்சம் தெளிந்தது. மகளின் கைகளைக் கவனித்தேன். அவசரமே இல்லை. விமானம் திரும்புவது சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவில்லை. வெளியே பூமி நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வண்டி ஓட்டுவதில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. இவள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சில் எங்கோ வலித்தது.

பெங்களூருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கினோம். நாய் இறங்கி, சோம்பல் முறித்து, புல்லில் மூத்திரம் பெய்து, வாலை ஆட்டினாள். நான் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாப்பா, நான் காலையில புள்ளைக்கு மூணு இட்லி குடுத்துட்டேன்."

"தெரியும்ப்பா. அவ மீசையில சட்னி இருந்துச்சு."

"அப்ப ஏன் ஏத்துன?"

அவள் நாயின் கழுத்துப் பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "உங்ககிட்டருந்து அவளப் பிடுங்க எனக்கு மட்டும் ஆசையா? வாந்தி எடுத்தா சரின்னு விட்டுறலாம்னுதான் இருந்தேன். எடுக்கலையே."

பேருந்தில் தனியாகத் திரும்பினேன். கிளம்பும்போது நாய் மகள் வீட்டுப் படிவரைக்கும் வந்தாள். வழக்கம்போல நான் போய்விட்டு வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள். மதுரையில் ஜீப்பை எடுத்து மலை ஏறினேன். பெருமாள்மலை வருவதற்குள் மூன்று தடவை முன்சீட்டைப் பார்த்துப் பேச வாயெடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. என் மனைவி எனக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அவ எதையுமே தின்ன மாட்டேங்குறா. கோழி வச்சேன், இட்லி வச்சேன், தட்ட மோந்துட்டுப் போயிர்றா. மாத்திரையும் உள்ள போகல. பயமா இருக்குப்பா. திருப்பிக் கொண்டாந்து விட்டுறவா?"

பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் குதித்தேன். கொண்டாந்து விடு என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது. வாசலிலிருந்து ஜீப் வரை இருபது அடி. அந்த இருபது அடிக்கு அவள் எத்தனை முறை நின்றாள் என்று நினைத்துப் பார்த்தேன். மனைவி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"தட்டுல வைக்காத" என்றேன். "தரையில உக்காரு. உள்ளங்கையில வச்சு நீட்டு. அவளப் பாக்கக் கூடாது. வேற பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எதாச்சும் பேசிக்கிட்டு இரு. நாம பாத்தா தின்ன மாட்டா, கூச்சம்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா?"

அவள் போனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மாத்திரை உறை கிழியும் சத்தம். பிறகு, போன வாரம் எங்கெல்லாம் விமானம் ஓட்டினாள் என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள், சுவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள். ஹைதராபாத், கோவா என்று அவள் குரல் போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, அந்தக் குரலுக்கு அடியில் சளப் சளப்பென்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மகளின் பேச்சு நின்றுபோனது, அழுகிறாள் போலிருந்தது. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

"திரும்பிப் பாத்துறாத தாயி" என்றேன். "பேசிக்கிட்டே இரு."