களனிக்கு வழி சொன்ன குரல்

பேய், சாமி, குறி சொல்வது எதையும் நான் நம்பினவள் இல்லை. கணக்கு ரீச்சர். வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டில் ஒருவர் உரு வந்து ஆடினபோதுகூட ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொப்பி திருத்தினவள். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், பரவாயில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

சண்டைக் காலம். எங்களிடம் ஜப்பானில் இருந்து இறக்கின பழைய கார் ஒன்று இருந்தது, அதில் வழி காட்டுகிற ஒரு திரை. கார் எங்கே நிற்கிறது என்று வானத்தில் சுற்றுகிற செய்மதி மூலம் அறிந்து, உள்ளே இருக்கிற வரைபடத்தில் பார்த்து, அடுத்த சந்தியில் இடதா வலதா என்று ஒரு பெண் குரல் சொல்லுமாம். ஆனால் உள்ளே இருந்தது ஜப்பான் வரைபடம் மட்டும். அதனால் கொழும்பில் வெறும் நீலமும், நடுக்கடலில் மிதக்கிற மாதிரி ஓர் அம்புக்குறியும்தான் தெரியும். குரல் ஒரு நாளும் வந்ததில்லை. என் கணவர் முன்பு ஜப்பானில் வேலை செய்தவர், ஹிதாரி என்றால் இடது, மிகி என்றால் வலது என்று பகிடியாகச் சொல்லித் தந்திருந்தார்.

அன்று பின்னேரம் மகள் அபியோடு கொட்டாஞ்சேனையில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தூரத்தில் குண்டு வெடித்த சத்தம் கேட்டது. ரோட்டெல்லாம் அடைத்துவிட்டார்கள், போனும் வேலை செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து அபிக்கு ஆஸ்துமா இழுப்புத் தொடங்கியது. ஆறு வயதுப் பிள்ளை. கையில் இருந்த பம்ப் இரண்டு தரம் அடித்ததோடு முடிந்துபோனது.

"அம்மா, மூச்சு வரேல்லை," என்றாள். அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பின ஒவ்வொரு சந்தியிலும் ஆமி. ஒரு சிப்பாயிடம் பிள்ளையைக் காட்டி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அவன் என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்தான், அபியைப் பார்த்தான். "ஆபஹு யன்ன நோனா," திரும்பிப் போங்கள் என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு மதிலோரம் காரை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அபியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், மிக அமைதியாக அந்தக் குரல் வந்தது. ஹிதாரி.

யோசிக்கவில்லை, திருப்பினேன். பிறகு மிகி, திரும்பவும் மிகி, ஹிதாரி, நான் கண்டே இராத குறுகலான ஒழுங்கைகள், துணி காய்கிற முற்றங்கள், ஒரு சிப்பாயையும் காணவில்லை. திரையில் அதே நீலம்தான். ஆற்றுப் பாலத்தில் தடை போட்டிருந்தார்கள், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் தடைக்கு நடுவில் ஒரு கார் போகிற அளவு இடைவெளி, அங்கே நின்ற அத்தனை பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பாலத்தைத் தாண்டிப் பேலியகொடை, பிறகு களனி, பிறகு ஆற்றோரமாக ஒரு சின்னப் பாதை. அதன் முடிவில் குரல் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு நின்றது. எதிரே ஒரு வீடு, கேட்டில் டொக்டரின் பெயர்ப்பலகை.

வயதான சிங்கள டொக்டர். ஒன்றும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஊசி போட்டு, மருந்துப் புகை பிடிக்க வைத்த பிறகு, மெதுவாக அபியின் முகத்தில் நிறம் திரும்பியது. நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

அபி பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள் கணவரிடம் இதைச் சொன்னேன். "அது ஜப்பானுக்கு வெளியில வாயே திறக்காது. பயத்தில உமக்கு அப்பிடிக் கேட்டிருக்கும்," என்றார். நானும் அப்படியே நினைக்கப் பழகினேன். அவள் காதுபட அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை.

இப்போது அபி கனடாவில். போன வருடம் போயிருந்தேன். அவளுடைய காரிலும் வழி காட்டுகிற திரை இருக்கிறது, ஆனால் சத்தத்தை நிற்பாட்டி வைத்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை, சத்தம் இருந்தா லேசுதானே?"

ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அண்டைக்குக் கார்ல அந்த அன்ரி என்னோட தமிழில கதைச்சவ, அம்மா."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "என்ன சொன்னவ?"

"உங்களுக்கு வழி சொன்னவ. எனக்குச் சொன்னது வேற."

அது என்ன என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அவள் இன்னும் சொல்லவில்லை.