டெய்லரக்காவின் தையல் வகுப்பு

கிறிஸ்தவக் கல்லூரியின் பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பவளை மாணவிகள் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலி ஓடினாலே மேசைமேல் ஏறிவிடுகிற ஆள். கல்லூரியின் சேவைக் குழு பெண்கள் சிறையில் தையல் வகுப்பு தொடங்கியபோது, சொல்லித்தர முடியுமா என்று போதகர் அவளைக் கேட்டார். ஜெபம் முடிந்த கையோடு கேட்டதால், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாத்து, உன்னை உள்ள வச்சுக்கிட்டு வேற யாரையாவது வெளிய விட்டுடப் போறாங்க!" என்று கணவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரும்புக் கதவைப் பின்னால் சாத்தியபோதே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். துணைக்கு இரண்டு மாணவிகள் இருந்தும், கத்தரிக்கோலைக் கைதிகளின் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துத் தள்ளிவிடுவாள். அதிலும் நெடுநெடுவென்று வளர்ந்த ஒருத்தி, வாயே திறக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சில வாரங்கள் ஓடின. ஒருநாள் வகுப்பு முடிந்து பார்த்தால், ஒரு கத்தரிக்கோலைக் காணோம்.

சிறை அதிகாரியம்மா கதவைப் பூட்டச் சொன்னாள். கைதிகளைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"எடுத்தவ நீயாவே குடுத்துடு. நாங்க தேடி எடுத்தா, அப்புறம் பிள்ளைங்க முகத்தைக்கூடப் பாக்க முடியாது."

எல்லார் கண்ணும் நெட்டைப் பெண் பக்கம் திரும்பியது.

"நான் எடுக்கலம்மா."

"முதல்ல இவளைச் சோதிங்க."

சும்மா நிற்க முடியாமல் டெய்லரக்கா, தான் சுருட்டி வைத்த துணிகளைப் பைக்குள் திணித்தாள். ஒரு சுருளுக்குள் கெட்டியாக ஏதோ நெருடியது. பகீரென்றது. துணியோடு சேர்த்துச் சுருட்டியது அவளேதான்.

சொன்னால் தன்னையும் பிடித்து வைப்பார்களோ? வகுப்பையே நிறுத்துவார்களோ? சத்தமில்லாமல் மேசைக்கடியில் நழுவவிட்டால் என்ன? அப்போதுதான் கவனித்தாள், நெட்டைப் பெண்ணுக்கும் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்கிட்டதான் இருக்கு. நான்தான் தெரியாம சுருட்டிட்டேன். அவங்க மேல தப்பில்ல."

அதிகாரியம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கல்லூரிக்காரர்கள் யாரும் இந்தப் பக்கமே வர முடியாது என்றாள். டெய்லரக்கா வேனில் ஏறியதும் ஒரு மாணவியின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

அடுத்த வாரமும் போனாள். பயம் போயிருந்தால்தானே! வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டே போனாள். நெட்டைப் பெண் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னைக்குக் கை வெட்டக் கத்துக்குடுங்க."

தூக்கிவாரிப்போட்டது டெய்லரக்காவுக்கு. சட்டைக் கையைச் சொல்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. சாக்பீஸால் துணியில் கோடு போட்டாள். கோணல்மாணலாக விழுந்தது.

"பரவால்லக்கா, நான் நேரா வெட்டிக்கிறேன்," என்றாள் அவள்.