சுவரில் ஒட்டிய தாள்

அந்த ஆங்கிலத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. நிரந்தரப் பதவிக்கான வாக்கெடுப்பு முடிந்து, கிடைத்துவிட்டால் துறைத்தலைவர் தொலைபேசியில் சொல்வார். கிடைக்கவில்லை என்றால் அறைக்கே நேரில் வருவார். யார் ஏற்படுத்தியதோ தெரியாது. மரியாதை என்று நினைத்துத்தான் ஏற்படுத்தியிருப்பார்கள்.

1991 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல், மார்லிஸ் ஹாகன் தன் மேசைத் தொலைபேசியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயது. வட டகோட்டாவில் சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் லாரி ஓட்டியவரின் மகள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் அவள் எழுதிய கட்டுரை, கடைசிப் பக்கத்தில் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தது. எது இல்லை, ஏன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் அவள் இலக்கியத்தை விட்டு, எழுதக் கற்றுக்கொடுக்க வந்தாள் என்பாள் பக்கத்து அறை டார்லா. மார்லிஸ் மறுத்ததில்லை.

இலக்கியம் நடத்துபவர்களுக்கு மூன்றாம் மாடி, ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள். எழுத்துப் பயிற்சிக்காரர்களுக்குக் கீழ்த்தளம், கொதிகலன் அறைக்குப் பக்கம். அங்கும் ஜன்னல் உண்டு. குளிர்காலம் முழுக்க அதைப் பனி அடைத்திருக்கும்.

ஆகஸ்ட்டில் மட்டும் இரண்டு தளமும் ஒரே அறையில் உட்காரும். புதிய மாணவர்கள் எழுதிய கட்டுரைகளுக்கு, பெயரை மறைத்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட வேண்டும். ஒவ்வொன்றையும் இருவர் படிப்பார்கள். இரண்டு எண்ணும் குறைந்தால் அந்த மாணவர் அடிப்படை வகுப்பில் அரையாண்டு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. அந்த வேலையை நடத்துவது மார்லிஸ்.

பழைய கவிதைகளின் பேராசிரியர் கார்டன் ப்ரைஸ், இனிப்பு ரொட்டியைக் கடித்தபடி ஒரு மணி நேரத்தில் நாற்பது கட்டுரைகளை முடித்துவிடுவார்.

"மார்லிஸ், இதுல படிக்க என்னம்மா இருக்கு? ஒருத்தனுக்கு நாய் செத்துப்போச்சு, இன்னொருத்தன் ஃபுட்பால்ல தோத்துட்டான். கடைசில எல்லாரும் பாடம் கத்துக்கிட்டாங்க."

"அந்த நாய்க் கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சு, கார்டன். நீங்க ஒண்ணு போட்டிருக்கீங்க."

எழுத்துப் பயிற்சிக்காரர்களிடம் ஒரு பழக்கம். படித்து முடித்த மறுநாள், யார் போட்ட எண் எத்தனை முறை இரண்டாம் ஆளோடு ஒத்துப்போனது என்று கணக்கிட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். தன் பெயர் கீழே இருந்தால் அசடு வழிந்துவிட்டு, அடுத்த முறை கொஞ்சம் மெதுவாகப் படிப்பார்கள். அதில் அவமானம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே மார்லிஸுக்குத் தோன்றவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் மூன்றாம் மாடிக்காரர்களையும் சேர்த்து எல்லாப் பெயர்களையும் போட்டு ஒட்டினாள். கடைசியில் கார்டன் ப்ரைஸ். நூற்றுக்கு முப்பத்தொன்று.

"பகடை உருட்டியிருந்தாலே இதுல பாதி வந்திருக்குமேடி!" என்று டார்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். "தெளிவா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு தாளை முழுவதுமாக அவர் நிதானமாகப் படித்ததை அந்த அறையில் அன்றுதான் பார்த்தார்கள்.

இந்த வருடம் அவளுடைய விண்ணப்பத்தைப் பரிசீலித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். குறைந்த எண் வாங்கிய கட்டுரைகள் என்ன சொல்ல முயன்றன என்று மார்லிஸ் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அவர் மேசைக்குப் போயிருந்தது.

மூன்று மணிக்கு டார்லா எட்டிப் பார்த்தாள். "மேல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? இது ஆராய்ச்சி இல்லையாம், திருத்தின பேப்பர்க் கட்டாம்."

"கார்டனா?"

"வேற யாரு? நீ அந்தத் தாளை ஒட்டாம இருந்திருக்கலாம்டி."

"அதுல தப்பா ஒண்ணும் இல்லையே."

"அதனாலதான் சொல்றேன்." மேலே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அங்கிருந்து போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனாள்.

நான்கு மணி. படிக்கட்டில் தோல் ஷூ சத்தம். கீழ்த்தளத்தில் எல்லாரும் பனிக்கான ரப்பர் பூட்ஸ்தான். மார்லிஸ் பென்சிலை வைத்தாள். சத்தம் அவள் கதவைத் தாண்டிப் போயிற்று. அவள் மூச்சு விட்டாள். கொதிகலன் அறைக் கதவு கிறீச்சிட்டுத் திறந்து மூடியது. சத்தம் திரும்பி வந்தது.

"மன்னிச்சுக்கோ, எந்த அறைன்னு தெரியல" என்றார் துறைத்தலைவர் வாரன். உட்காரவில்லை. "எதிரா ஒன்பது, ஆதரவா நாலு, மார்லிஸ். நீ பாடம் நடத்துறதைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல."

"புத்தகத்தை யார் படிச்சாங்க?"

"கார்டன் அறிக்கை கொடுத்திருந்தார்."

"இரண்டாவது ஆள்?"

அவருக்கு விளங்கவில்லை. தொப்பியைக் கைமாற்றிக்கொண்டார். "இன்னும் ஒரு வருஷம் உனக்கு இங்க இருக்கு, அப்புறம்தான் போகணும். அந்த ஆகஸ்ட் வேலையை மட்டும் நீதான் நடத்திக் கொடுக்கணும். வேற யாருக்கும் அது தெரியாது."

"நடத்தறேன். முடிஞ்சதும் தாள் ஒட்டலாமா?"

வாரன் பனி அடைத்த ஜன்னலைப் பார்த்தார். "அது வேண்டாமே."

அவர் படியேறும் சத்தம் ஓய்வதற்குள் தொலைபேசி அடித்தது. மார்லிஸ் மூன்று முறை அடிக்கவிட்டு எடுத்தாள்.

"ஏய், போன் வந்துச்சா?" என்றாள் டார்லா.

"வந்திருக்கு. நீதான்" என்றாள் மார்லிஸ்.