வெரோனா சிஸ்டரின் ஆயுதமில்லாக் கட்டு

வெரோனா யான்சிஸ் தன் கார்டுக் கட்டில் ஒரு கத்திகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்ததற்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கத்திக்குத்துக்குத் தையல் போடுகிற நர்ஸ் அவள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. சனிக்கிழமை மத்தியானமாவது கத்தி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

நினைக்கிறது சுலபம். அந்த விளையாட்டோ பூராவும் அடிதடி. நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு நூறு கார்டு வைத்து, நிலக் கார்டைப் போட்டு அதிலிருந்து சக்தி எடுத்து, பூதத்தையும் வீரனையும் வரவழைத்து ஒருத்தரை ஒருத்தர் வெட்டிச் சாய்க்க வேண்டும். கடைசியில் உயிரோடு இருக்கிறவர்தான் ஜெயித்தவர். படம் வரைந்தவர்களும் லேசுப்பட்டவர்களா? தேவதை என்று வாங்கினால் இடுப்பில் குறுவாள். சாமியார் என்று வாங்கினால் தடிக்குள்ளே வாள். ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற படம், அழகான படம், அதைப் பதினேழு ராண்ட் கொடுத்து வாங்கி உறையில் போட்ட பிறகு பார்க்கிறாள், பின்னால் சுவரில் கோடரி தொங்குகிறது.

"கோடரி அங்க என்னத்துக்கு?" என்று புருஷன் பேசிலிடம் கேட்டாள்.

"விறகு வெட்டத்தான். சாப்பாட்டு மேசைய எப்பத் தருவே? நான் மூணு மாசமா மடியில தட்டு வச்சுச் சாப்பிடறேன்," என்றார் பேசில், மேசை பூராவும் பரப்பிக் கிடந்த கார்டுகளைப் பார்த்து.

பதினொரு மாசம் இப்படியே போயிற்று. பாரோ பேட்டையில் இருக்கும் ஃபாயிக் அங்கிளின் கார்டுக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரியில் அவரவர் தன் கட்டுக்கு ஒரு கருப்பொருள் சொல்லி அவர் நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. டிசம்பர் முதல் சனிக்கிழமை போட்டி. ஆட்டத்துக்கு முன்னால் மேசையில் இருக்கும் மற்ற மூன்று பேர் கட்டைச் சோதிப்பார்கள். கருப்பொருளுக்கு ஒவ்வாத கார்டு இருந்தால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் நிலக் கார்டு போட வேண்டும். மூன்று வரைக்கும் மன்னிப்பு. நாலாவது வந்தால் விளையாடலாம், ஆனால் ஜெயித்தாலும் கணக்கில்லை. ஜெயித்த கட்டின் பெயரைக் கல்லாவுக்கு மேலே இருக்கிற பலகையில் பெயிண்டால் எழுதுவார் அங்கிள். எட்டு வருஷப் பெயர்கள் இருந்தன. டிராகன், படை, மறுபடி டிராகன், எலும்புக்கூடு, மறுபடி படை. அதற்குக் கீழே 'ஆயுதமில்லாக் கட்டு' என்று எழுத வைக்க வேண்டும். வெரோனாவுக்கு அந்த வருஷம் வேறு ஆசையே இல்லை.

கட்டும் நன்றாகத்தான் வந்திருந்தது. யாரையும் அடிக்காத கட்டு. மதில் எழுப்பும், காயத்தை ஆற்றும், பசிக்குச் சோறு போடும். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் அடித்து ஓய்கிற வரைக்கும் காத்திருந்து, அவர்கள் கையில் கார்டு தீரும்போது ஜெயிக்கும். எதிரில் ஆடுகிறவனுக்குப் பொறுமை போய்விடும். அதுதான் அதன் பலமே.

போட்டி நாளன்று தென்கிழக்குக் காற்று கடைக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவள் மேசையில் நாலாவது நாற்காலியில் அங்கிளே உட்கார்ந்தார், ஆள் குறைந்ததால். அவர் பக்கத்தில் கணக்கு டீச்சர் நொலிதா, முழுக்கத் தவளையாகவே ஒரு கட்டு வைத்திருப்பவள். எதிரில் ராட்வெல். அவன் வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு, இந்தக் கீறல் புதுசா பழசா என்று சொல்வது. அதற்கென்று வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை அன்றைக்கும் கொண்டுவந்திருந்தான்.

"இது என்னப்பா, காரா?" என்றாள் வெரோனா.

"ரூல் ரூல்தான் சிஸ்டர்." நாலு பேருக்கும் வெட்டி வைத்திருந்த, உருளைக்கிழங்கு வறுவல் அடைத்த நீளமான கேட்ஸ்பி ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கார்டாகப் பார்த்தான். அரை மணி நேரம். நொலிதா கொட்டாவி விட்டாள்.

"இந்தா. அறுவடைக்காரி. கையில அரிவாள்."

"அது புல் அறுக்கறது," என்றார் அங்கிள்.

"புல்லுக்கு வந்தா புல்லு. ஆளுக்கு வந்தா ஆளு. ஆயுதமா இல்லையா, நம்ம சிஸ்டரே சொல்லட்டுமே. அவங்களுக்குத் தெரியாததா?"

வெரோனாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டிலேயே நல்ல கார்டு அது. ஆனால் போன ஆகஸ்ட் மாசம் எல்சீஸ் ரிவர் பேட்டையிலிருந்து வந்த பையனின் தோள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு தையல்.

"ஆயுதம்தான்," என்று சொல்லி எடுத்து வைத்தாள்.

"ரொட்டிக்காரர். மாவுக்கடியில கத்தி முனை தெரியுது."

"எடு."

"இடையன். தடி வச்சிருக்கான்."

"ஆட்டை மேய்க்கிறவன் தடி இல்லாம என்னத்த வச்சுக்குவான்?" என்றாள் நொலிதா.

"எடு, எடு," என்றாள் வெரோனா. தடியால் உடைந்த முழங்கைகளை அவள் எண்ணியதே இல்லை.

ராட்வெல் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டான். "மூணுதான் சிஸ்டர். மத்தது சுத்தம். மன்னிப்பு உண்டு. ஆரம்பிக்கலாம்." பார்த்ததில் அவனுக்கே ஒரு திருப்தி.

கட்டை அடுக்கித் திருப்பி வைக்க வேண்டியதுதான் பாக்கி. மேலே இருந்தது ஏரிக்கரை மருத்துவச்சி. பிரசவம் பார்த்துவிட்டுக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுக்கிற கிழவி. வெரோனா முதன்முதலில் வாங்கிய கார்டு. அந்தக் கிழவியின் மடியில் கத்தரிக்கோல். ராட்வெல் அதைப் பார்த்திருந்தான். பிரசவச் சாமான் என்று விட்டிருந்தான். பதினொரு மாசமாக அவளும் அப்படித்தான் விட்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்து அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன சிஸ்டர் இது?" என்றான் ராட்வெல்.

"கத்தரிக்கோல்."

"அது தொப்புள்கொடி வெட்டறதுங்க."

"ஈஸ்டர் லீவுல ஒருத்தனுக்குக் கழுத்துல. தையக்காரனோட கத்தரிக்கோல்."

"நான் கேக்கவே இல்லையே. இது நாலாவது. பலகை போயிடும், தெரியுதா?"

"தெரியுது. எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதியில்லையே அவள். மொத்தக் கட்டையும் விரித்துப் போட்டாள். விருந்துச் சமையல்காரியை எடுத்தாள்.

"அவ கையில ஒண்ணுமில்ல," என்றாள் நொலிதா.

"அடுப்புல கொதிக்கிற தண்ணி இருக்கு. சம்பள நாள் வாரத்துல ஆஸ்பத்திரிக்கு வந்து பாரு."

"அப்போ நாற்காலியும் ஆயுதமா?" என்று கேட்டார் அங்கிள்.

"மார்ச் மாசத்துல ரெண்டு பேரு."

"விளக்குமாறு?"

"காம்புப் பக்கம்."

"பூந்தொட்டி?"

"மூணாவது மாடியிலேருந்து."

குடுவை வைத்திருந்த மது வியாபாரி போனான். நாயைச் சங்கிலியில் பிடித்திருந்த காவல்காரன் போனான், நாய் அவ்வளவு நல்ல நாயாக இருந்தும். ராட்வெல் குளிர்ந்து போன ரொட்டியைக் கடித்தபடி, "சிஸ்டர், நாங்க விளையாட வந்தோம். பிரேதப் பரிசோதனைக்கு வரல," என்றான்.

"பூதக்கண்ணாடி கொண்டுவந்தது யாரு? நானா?"

அவன் இன்னொரு வாய் கடித்தான்.

பத்தொன்பது கார்டு வெளியே வந்தன. அங்கிள் நோட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே கோடு கிழித்தார். கிழிக்கும்போது அவருக்குத்தான் முகம் சரியில்லை; அவள் நிலக் கார்டுகளை எண்ணி எண்ணி உறைக்குள் சொருகிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் நடந்தது. கட்டு அவளை நன்றாகவே பழிவாங்கியது. கை நிறைய நிலம், அதில் விதைக்க ஒன்றும் கிடையாது. மதில் எழுப்பப் பார்த்தாள், கொத்தனார் அந்தப் பத்தொன்பதில் போய்விட்டிருந்தான், சுத்தியல் வைத்திருந்தவன். தவளைகள் வந்து அவளைத்தான் முதலில் முடித்தன. நொலிதா தலையைக் குனிந்துகொண்டே, "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்," என்றாள். "அடி, அடி, தவளைதானே," என்றாள் வெரோனா. மற்ற மேசைகளில் ஜெயித்தவர்களையும் அந்தத் தவளைகளே விழுங்கின. பலகையில் 'தவளை' என்று எழுதினார் அங்கிள்.

வீட்டுக்கு வந்ததும் பேசில் கேட்டார், "ஜெயிச்சியா?"

"இல்ல. எல்லாத்துலயும் இருக்கு."

"எது?"

அவள் கார்டுப் பெட்டிகளையெல்லாம் சாப்பாட்டு மேசையில் மறுபடி பரப்பினாள். பேசில் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போனார்.

ஜனவரி முதல் சனிக்கிழமை நோட்டில் கருப்பொருள் எழுதும் நாள். "இந்த வருஷம் என்ன, சிஸ்டர்? பூ, பறவை, ஏதாவது சொல்லுங்களேன்," என்றார் அங்கிள்.

"அதேதான்."

"அதேயா?"

"போன வருஷம் சரியாப் பாக்கல."

வரிசையில் பின்னால் நின்ற ராட்வெல் ஒரு கார்டை எடுத்து நீட்டினான். "நாலு கடை ஏறி இறங்கினேன். கண்ணாடி வச்சுப் பாத்தாச்சு. ஆத்துல ஒருத்தி போர்வை துவைக்கிறா. வேற ஒண்ணுமே இல்ல. வானம், தண்ணி, போர்வை."

வெரோனா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கல் இருக்கே."

"அது துவைக்கிற கல்லு, சிஸ்டர்." ராட்வெல் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கல்லாவில் சாய்ந்துவிட்டான்.

கல்லடி பட்டு வந்தவர்களை அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். செங்கல் பாதி, நடைபாதைக் கல், ரயில் பாதை ஜல்லி. படத்தில் இருந்ததோ ஒரு செம்மறியாடு அகலத்துக்கு, பாதி ஆற்றுக்குள் புதைந்து கிடக்கிற பாறை.

"இதை எவனும் தூக்க மாட்டான்," என்று சொல்லி, பையிலிருந்த கட்டை எடுத்து ஒரு நிலக் கார்டை உருவிவிட்டு அந்த இடத்தில் அதைச் சொருகினாள். "இன்னும் பதினெட்டு வேணும், ராட்வெல்."