சூப்பரண்டு அடுக்கிய சருகு

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சூப்பரண்டுக்கு மேய்க்க ஆள் இல்லை. முப்பத்தோரு வருடம் ஆபீசில் ஒரு பிரிவின் பதினான்கு பேரை மேய்த்த மனிதர். வீட்டில் இருப்பது மனைவி ஒருத்தி. அவளோ அவர் சொல்லி எதையும் செய்து பழகாதவள். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். அவள் வளர்க்கிற ஐந்து கோழிகள் நின்றன. ஐந்து பேர் என்றாலும் பிரிவு பிரிவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கூண்டுத் தரைக்கு அவள் போடுவது சருகு. தெருவோர வாதாம் மரம் உதிர்ப்பதைக் கூட்டி, வெயிலில் காயவைத்து, காலால் மிதித்து நொறுக்கிக் கூடை கூடையாகக் கொட்டுவாள். கோழிகள் கிளறிக் கிளறி எச்சத்தைச் சருகோடு கலந்துவிடும். ஈரம் தங்காது, வாடை எழும்பாது. கீழே கோழி இருப்பதே மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குக் கொக்கரிப்பு கேட்டால்தான் ஞாபகம் வரும்.

சூப்பரண்டு கண்ணுக்கு அது குப்பை. மொத்தத்தையும் வாரி வெளியே எறிந்தார். முழு இலையாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்தார். காம்பெல்லாம் ஒரே திசை பார்க்க, ஓடு வேய்வதுபோல அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து அழுத்தினார். ஆபீஸ் மேசையில் அவருக்கு முன்னால் இருந்த பலகை அது. 'கண்காணிப்பாளர்' என்று எழுதியிருக்கும். விடைபெறும் நாளில் மாலையை மறந்துவிட்டு அதை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

பத்து நிமிடத்தில் கோழிகள் கலைத்துப் போட்டன. அவர் மறுபடி அடுக்கினார். இப்படியே காலையும் மாலையும். கிளறுவதுதான் அதுகளின் வேலை என்று மனைவி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பத்தில் சொல்வார்கள் என்றார். அதிகம் கிளறிய பழுப்புக் கோழியை அரைநாள் கூடைக்கடியில் கவிழ்த்து வைத்தார். கேட்டதற்கு, சஸ்பெண்டு என்றார்.

பன்னிரண்டாம் நாள் இலைகள் ஊறின அட்டையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எச்சம் மேலேயே நின்று புளித்தது. வாடை படியேறி மாடிக்குப் போனது. வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை திரும்ப வருவேன். அப்பவும் இந்த நாத்தம் அடிச்சுதுன்னா கோழிங்களை யாருக்காவது குடுத்துடுங்க."

ஐந்தையும் குஞ்சிலிருந்து செருப்புப் பெட்டியில் வைத்து, தலைமாட்டில் விளக்குப் போட்டு வளர்த்தவள் மனைவி. அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சூப்பரண்டோ, இன்னும் இரண்டு வரிசை அடுக்கினால் சரியாகிவிடும் என்றார்.

மறுநாள் காலை அவர் தங்கையிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, கண்ணுக்குள்ளயே நிக்கிறீங்க. ஒரு மூணு நாள் வந்து இருந்துட்டுப் போங்க." ஆறு வருடமாக எட்டிப் பார்க்காத தங்கை அவள். சூப்பரண்டுக்குச் சந்தேகமே எழவில்லை. தன்னைத் தேடுவது உலகத்துக்கு இயல்பு என்பது அவர் எண்ணம். பெட்டியோடு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மனைவி மண்வெட்டியோடு கூண்டுக்குள் நின்றாள். அட்டையைச் சுரண்டி எடுத்தாள். தரையைக் காயவிட்டு, நொறுங்கின சருகை முழங்கால் உயரத்துக்குக் கொட்டி, மேலே ஒரு கை தானியம் வீசினாள். மிச்ச வேலையைக் கோழிகள் பார்த்துக்கொண்டன.

ஞாயிறு காலை சூப்பரண்டும் வந்தார், வீட்டுக்காரம்மாவும் வந்தாள். கூண்டருகே குனிந்து மூச்சை இழுத்தாள். காய்ந்த இலை வாசனைதான் வந்தது. கோழிகள் இருக்கட்டும் என்றாள்.

"எல்லாம் அடுக்குற முறையில இருக்கு," என்றார் சூப்பரண்டு.

அவள் மாடியேறியதும் பலகையைத் தேடினார். "ஏய், என் போர்டு எங்க?"

"உள்ளதான் இருக்கு. அதுங்க உக்கார ஒரு கட்டை இல்லாம இருந்துச்சு."

எட்டிப் பார்த்தார். இரண்டு செங்கல்லுக்கு நடுவே பலகை மாட்டியிருந்தது. சஸ்பெண்டு ஆன பழுப்புக் கோழி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. 'கண்' வரைக்கும்தான் படிக்க முடிந்தது.